கண்டம் பண்ணிய போல்ட்

டப்பாவைக் கோணியின் மேல் கவிழ்த்தேன். போல்ட்டுகள் கலகலவென்று கொட்டின. அத்தனையும் வெள்ளிச் சாமான் மாதிரி மின்னின. மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

அன்று ஆயுத பூஜை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பல்லாவரத்தில் என் இரும்புக் கடையில் பூஜை முடிந்து, ஆட்கள் எல்லோரும் பொரியும் புதுத் துணியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தராசு, சுத்தியல், வெட்டு மெஷின் எல்லாம் சந்தனப் பொட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்தன. நான் மட்டும் வெற்றிலை மென்றுகொண்டு, காலையில் வந்து இறங்கிய டப்பாவைச் சும்மா கொட்டிப் பார்த்தேன்.

ஒரு போல்ட்டிலும் சிவப்பு இல்லை.

விரலால் கிளறினேன். ஒவ்வொன்றின் தலையையும் திருப்பினேன். இல்லை. எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அப்போதும் இல்லை.

அந்த டப்பா ஒரு விமானக் கொட்டகையிலிருந்து வந்த டப்பா. அதில் சிவப்பு இல்லையென்றால் ஏன் நான் வெற்றிலையைத் துப்ப வேண்டும் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு இறக்கை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதற்காக யாரும் என்னைக் குறைத்து எடை போட வேண்டாம். எண்பதுகளில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எத்திராஜ் என்றால் தெரியாத இரும்புக்காரன் கிடையாது. பழைய தண்டவாளம், பஸ் என்ஜின், தோல் பதனிடும் ஷாப்புகளில் கழித்துப் போட்ட பெரிய உருளை, எதையும் நான் வாங்கியிருக்கிறேன்.

ஒருமுறை ஏலத்தில் ஒரு விமானத்தையே வாங்கினேன். பறக்காத விமானம்தான். ஆனாலும் விமானம் விமானம்தானே. அதன் இறக்கையை லாரியில் ஏற்றி ஜி.எஸ்.டி. ரோட்டில் கொண்டுவந்தபோது பாதி ஊர் நின்று பார்த்தது. மீதி ஊர் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டது. குரோம்பேட்டையில் ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா தலைவா, வாலு எங்க, பின்னாடி நடந்து வருதா?" என்று கேட்டான். வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெயரால்தான் ஜெகந்நாதன் சாருடைய கம்பெனி எனக்குப் பழக்கமானது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பின்புறம், பொழிச்சலூர்ப் பக்கமாக அவருக்கு ஒரு சின்னக் கொட்டகை இருந்தது. பயிருக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கும் குட்டி விமானம் ஒன்று வைத்திருந்தார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அதனால் அதன் பெயரும் வேண்டாம்.

அங்கே எனக்கு வேண்டியவர்கள் மூன்று பேர். என்ஜினியர் வெங்கட்ராமன் சார், அதிகம் பேசாதவர். ஸ்டோர் பார்த்துக்கொண்ட மாணிக்கம், பம்மல்காரன், பக்திமான். அப்புறம் விமானம் ஓட்டுகிற ஸ்டீபன். தாம்பரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் மனைவி எஸ்தர் அப்போது முழுகாமல் இருந்தாள்.

கண்டம் என்றால் என்ன

எங்கள் தொழிலில் கண்டம் என்று ஒரு வார்த்தை உண்டு. இனி உதவாது என்று சர்க்காரோ கம்பெனியோ கழித்துவிட்ட சாமானுக்குக் கண்டம் பண்ணியது என்று சொல்லுவோம். ஜோசியக்காரன் வாயில் அதே வார்த்தை வந்தால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். இரண்டும் வேறு வேறு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வெங்கட்ராமன் சார் விமானத்தைப் பிரித்துச் சோதிக்கும்போது கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பார்ப்பார். நல்லது மறுபடியும் பூட்டுவதற்காகத் தட்டுக்குப் போகும். ஆகாததின் தலையில் சிவப்புப் பெயிண்ட்டைத் தொட்டு வைத்து டப்பாவில் போடுவார். அந்த டப்பா என் கடைக்கு வரும். நான் ஒவ்வொன்றையும் வெட்டித்தான் உருக்க அனுப்ப வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஒருநாள் அவர் ஒரு போல்ட்டை என் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. நல்லா இருக்கு சார் என்றேன். உள்ளே விரிசல் விட்டிருக்கிறது என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. தேய்ந்த போல்ட் தன் வயசை முகத்தில் காட்டிவிடும், விரிசல் விட்டது காட்டாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையில் சிவப்பை வைத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்த ஆள்

இந்த இடத்தில் இன்னொருவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்கேயிருந்து ஒருவன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அடிக்கடி வருவான். சென்ட் வாசனையும் வெள்ளைச் சட்டையுமாக இருப்பான். சந்தையில் பழைய இரும்பு விற்கிறவர்களிடம் விமானச் சாமான் இருக்கிறதா என்று கேட்பான். வெட்டாத சாமான் மட்டும்தான் வேண்டும் அவனுக்கு.

ஒருநாள் என் கடைக்கே வந்துவிட்டான். சிவப்பு இருந்தால் பரவாயில்லை, அதை நாங்கள் துடைத்துக்கொள்வோம் என்றான். துடைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். புது அட்டைப் பெட்டியில் போட்டால் புது போல்ட் என்று சிரித்தான். எங்கேயோ யாரோ அதை வாங்கி ஒரு விமானத்தில் முடுக்குவார்கள். அதில் யாரோ ஏறுவார்கள்.

நான் கொடுக்கவில்லை. பெரிய தர்மராஜா என்று நினைக்க வேண்டாம். பேசிக்கொண்டே அவன் என்னைக் கேட்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து போடா என்றேன். போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது மனசில் தங்கிவிட்டது. சிவப்பு போய்விட்டால் கண்டம் பண்ணியது மறுபடியும் போல்ட் ஆகிவிடும்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது

இப்போது கோணிக்கு வருவோம்.

டப்பாவில் சிவப்பு இல்லை. அப்படியானால் யாரோ துடைத்திருக்கிறார்கள். காலையில் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது மாணிக்கம், ஸ்டோர் முழுக்க அலம்பிவிட்டதாகவும் இனிமேல் அம்பாள் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி என்றும் பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டப்பாவை அலம்பியவன் தட்டையும் அலம்பியிருப்பான். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டிருந்தால் நல்லதும் ஆகாததும் கலந்திருக்கும்.

விமானம் அந்த வாரம்தான் பிரித்துக் கிடந்தது. முந்தின நாள் பூட்டி முடித்தார்கள். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டியை அலங்காரம் பண்ணி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவார்கள். சைக்கிளுக்கும் அதுதான், லாரிக்கும் அதுதான். ஜெகந்நாதன் சாருக்கு விமானத்துக்கும் அதுதான். சாயந்திரம் பூஜை. ஸ்டீபன் மேலே ஒரு சுற்று.

அப்போது எங்கள் தெருவிலேயே என் கடையில்தான் போன் இருந்தது. சுழற்றினேன். கொட்டகையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. பூஜை மணிச் சத்தத்தில் போன் மணி யார் காதில் விழும்?

போல்ட்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆயுத பூஜை சாயந்திரம் எங்கள் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய் ரோடெல்லாம் கொழகொழவென்று குங்குமத்தோடு கிடக்கும். முன் சக்கரம் இரண்டு தரம் வழுக்கியது. டப்பாவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு காலை ஊன்றித் தப்பினேன். பல்லாவரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கடற்கரைக்குப் போகிற எலெக்ட்ரிக் டிரெயின் போனது. கேட்டைத் திறக்கவில்லை. தாம்பரத்துக்குப் போகிறது ஒன்று வரட்டும் என்று காத்திருந்தான் கேட்காரன். எனக்கு முன்னால் வாழைமரம் கட்டிய ஒரு டெம்போ. அதிலிருந்தவர்கள் எனக்கும் ஒரு பிடி பொரி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை.

பம்மலைத் தாண்டித் தோல் நாற்றம் அடிக்கிற வளைவில், வானத்தில் குட்டி விமானச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது.

சக்கரத்தடியில்

விமானம் தரையில்தான் இருந்தது. மூக்கில் மாலை, இறக்கையில் சந்தனம், மூன்று சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். ஸ்டீபன் உள்ளே ஏறி பெல்ட் போட்டாகிவிட்டது. மேலே போக அனுமதியும் வாங்கிவிட்டார்கள். மாணிக்கம் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான். எஸ்தர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அந்தச் சம்பாவுக்கு மருந்தடிக்க ஜெகந்நாதன் சார் நம்பியிருந்த ஆட்கள் அவர்கள்தான்.

வெங்கட்ராமன் சாரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் குரல் சந்தையில் பழகின குரல்.

"சார், பிளேன எடுக்காதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஜெகந்நாதன் சார் சிரித்தபடியே பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"எத்திராஜ், கெஸ்ட் வந்திருக்காங்க. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம்."

"அப்புறம் பேசறதுக்கு ஆள் இருக்கணுமே சார்."

எஸ்தர் சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள். நான் டப்பாவை வெங்கட்ராமன் சார் முன்னால் நீட்டினேன். அவர் ஒரு போல்ட்டை எடுத்துத் தலையைப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கழுத்தில் வியர்வை இறங்கியதை நான் பார்த்தேன்.

"மாணிக்கம், இதை எதுல அலம்பின?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மண்ணெண்ணெயிலதான் சார். பெயிண்ட்டுக்குக் கொஞ்சம் தின்னர் வுட்டேன். பூஜையும் அதுவுமா செவப்பா அயுக்கா வெச்சிகினா நல்லாவா கீது?"

"தட்டுல இருந்தது?"

"அதையும்தான் சார். ஒரே தொட்டி. ஆனா கரெக்டா பிரிச்சிட்டேன் சார். தேஞ்சது டப்பாவுக்கு, தேயாதது தட்டுக்கு."

மாணிக்கம் கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

அலம்பின அன்றைக்கு வெங்கட்ராமன் சார் காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். மறுநாள் வந்து, மாணிக்கம் நீட்டிய தட்டிலிருந்து அவரே தன் கையால் பூட்டியிருக்கிறார். விரிசல் விட்டதெல்லாம் தேயாத போல்ட்டுகள். தேயாததெல்லாம் தட்டில். தட்டில் இருந்ததெல்லாம் விமானத்தில்.

"ஸ்டீபன், இறங்குப்பா," என்றார்.

அம்பாள் முன்னால் இருந்த ஸ்பேனர்

ஸ்பேனர் எல்லாம் படத்தின் முன்னால் பூப்போட்டு வைத்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுப்பது வழக்கம். மாணிக்கம் குறுக்கே வந்து கும்பிட்டான். நாளைக்கு விஜயதசமி, விடிந்ததும் எடுத்துக்கலாம் சார் என்று கெஞ்சினான். பண்ணைக்காரர் ஒருவரும் ஆமாம் என்றார். வெங்கட்ராமன் சார் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூவை ஒதுக்கி ஸ்பேனரை எடுத்து வந்தார். ராத்திரி எல்லோரும் தூங்கி எழுந்தால் யாராவது ஒருத்தர் ஒன்றும் இருக்காது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வாலிலிருந்து ஆரம்பித்தார். விமானத்தின் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் வாலில் இருக்கிற ஒரு தகடு. அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் முதலில் வந்தன.

இங்கே நான் என் வித்தையைக் காட்டினேன். போல்ட்டைக் கருங்கல்லில் தட்டினால் கணீரென்று வந்தால் நல்லது, சொத்தென்று வந்தால் விரிசல். இதில் என் காது தப்பியதே இல்லை. பம்ப் செட்டு கம்பி முதல் ரோடு ரோலர் அச்சு வரை தட்டிச் சொன்னவன் நான். வெங்கட்ராமன் சாரிடமிருந்து வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாம் கோயில் மணி மாதிரி பேசின. அதிலும் ஒன்று ரொம்ப இனிமையாக. அதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு நான் கேரண்டி சார்," என்றேன்.

ஜெகந்நாதன் சார் முகத்தில் ரத்தம் திரும்பியது.

வெங்கட்ராமன் சார் எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக வைத்துச் சிவப்புத் திரவம் ஒன்றைப் பூசினார். காத்திருந்தோம். துடைத்தார். மேலே வெள்ளைப் பவுடரை அடித்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெளியே ஊறி வருமாம். ஸ்டீபன் என் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் கேரண்டி கொடுத்த போல்ட்டில், தலைக்குக் கீழே, தலைமுடி மாதிரி ஒரு கோடு எழுந்தது. முதலில் இளஞ்சிவப்பு. அப்புறம் நல்ல சிவப்பு. கழுத்தைச் சுற்றிப் பாதிக்கு மேல் ஓடி நின்றது.

"இது எங்க இருந்தது சார்?" என்று கேட்டான் ஸ்டீபன்.

வெங்கட்ராமன் சார் வாலைக் காட்டினார். ஸ்டீபன் தலையை ஆட்டினான். எஸ்தர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் விடவே இல்லை.

மீதி போல்ட்

பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வாலில் இருந்ததில் கோடு வந்தது அந்த ஒன்றில்தான். மற்ற இடத்துப் போல்ட்டுகளையும் கழற்றிப் பார்த்தார்கள். இன்னும் சிலவற்றில் வந்தது. பெரும்பாலானவற்றில் வரவில்லை.

ஜெகந்நாதன் சார் அந்தக் குவியலைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து புது போல்ட் வந்து சேருவதற்குள் சம்பா அறுவடையே ஆகிவிடும். சம்பா போனால் கம்பெனி போய்விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கெட்டவர் இல்லை அவர்.

"வெங்கட், இதெல்லாம் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சே. இதை யூஸ் பண்ணலாம் இல்லையா?"

"பாஸ் ஆயிருக்கு சார். ஆனா இது எந்த போல்ட்? எங்க இருந்தது, எத்தனை நாள் ஓடினது, விரிசலுக்காகத் தள்ளினேனா, வேற எதுக்காவது தள்ளினேனா, எதையும் இப்ப என்னால சொல்ல முடியாது. விலாசம் அழிஞ்சு போச்சு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜெகந்நாதன் சார் ஸ்டீபனைப் பார்த்தார். முதலாளி சொன்னால் ஏறிவிடுகிற பையன் அவன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எஸ்தரின் விரல்கள் அவன் மணிக்கட்டில் வெளுத்துப் போயிருந்தன.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எத்திராஜ், நீங்க சொல்லுங்க. காலமெல்லாம் இரும்போடயே இருக்கறவர். இந்த மீதி போல்ட் நல்லாத்தானே இருக்கு?"

கூட்டத்தில் என்னைக் கேட்டு ஒரு பெரிய மனிதர் காத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். குவியலைப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன.

"தெரியாது சார்," என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதுசாக இருந்தது. ஜெகந்நாதன் சார் குவியலிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மாணிக்கத்திடம் எல்லாவற்றையும் கோணியில் கட்டச் சொன்னார். மாணிக்கம் அழுதுகொண்டே கட்டினான்.

இன்றைக்கே வெட்ட வேண்டும்

சிவப்பு இல்லாத போல்ட் ஒன்றுகூட முழுசாக ஒரு ராத்திரி எங்கேயும் கிடக்கக் கூடாது என்றார் வெங்கட்ராமன் சார். வெள்ளைச் சட்டைக்காரன் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. சரி என்றேன். நானே கூடப் போய்ப் பார்க்கிறேன் என்று ஸ்டீபன் எஸ்தரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தான்.

கடையைத் திறந்தேன். வெட்டு மெஷின் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கு அதைத் தொட என் ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பொத்தானைத் தட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, நல்ல நாள்ல மிஷின் ஓட்டிகினு கீற, கிறுக்கு புட்ச்சிதா?" என்றார்.

ஒவ்வொன்றாக வைத்தேன். தலை ஒரு பக்கம் விழுந்தது, தண்டு ஒரு பக்கம் விழுந்தது. ஸ்டீபன் பக்கத்திலேயே நின்றான். எஸ்தர் வாசலில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் உட்காரச் சொன்னேன். கோணி காலியாயிற்று. மெஷினை நிறுத்தினேன். முடிஞ்சுதுப்பா, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கு என்றேன்.

அவன் குனிந்து ஒரு துண்டை எடுத்தான். வரிவரியாக மரை இருக்கிற பாதி. அந்த மரையைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான்.

"அண்ணா, இதுல இன்னும் நட்டு ஏறும்," என்றான்.

வாங்கிப் பார்த்தேன். ஏறும்தான். மறுபடியும் பொத்தானைத் தட்டினேன்.